வெள்ளிக்காசு, இட்லி மாவு, ஒரு துணிப்பை

வாசகர் கேள்வி
7 ஜனவரி 2024, ஞாயிறு, மாலை 6.15

சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறோம். பிள்ளைகள் தொடக்கநிலை 1, 3. வீட்டில் எது நடந்தாலும் அதிலிருந்து ஒரு விசுவாசப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் மனைவியின் எண்ணம். பால் கொட்டினால் ஒரு வசனம், பள்ளிப் பேருந்து போய்விட்டால் ஒரு வசனம். நாங்கள் கத்தோலிக்கர். மறைக்கல்வி வகுப்பில் படிப்பது போதாதா? வீடு வீடாக இருக்கட்டுமே. இப்படியே போனால் பிள்ளைகளுக்குத் திகட்டிவிடும் என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்
7 ஜனவரி, இரவு 10.40

உங்கள் மனைவி பக்கம்தான் நான். உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் இடத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் என்று நான்கு வேளை சொல்கிறது. நான்கும் வீடும் தெருவும்தான். வகுப்பறை அதில் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு (கணவரின் அம்மா) 81 வயது, மறதி நோய். போன டிசம்பரில் அவருடைய ஒற்றைக் கம்மல் காணாமல் போனது. தமிழ்நாட்டு நாசரேத்தில் கல்யாணத்துக்குப் போட்ட கம்மல். மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் அவருடைய வேதப்புத்தகத்தின் உறைக்குள் இருந்தது. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் லூக்கா 15ஐ வாசித்தேன். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண், அதில் ஒன்று காணாமல் போனால் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள், கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மகிழ்கிறாள் அல்லவா, அந்தப் பகுதி.

மகன் கேட்டான்: "ஒரு வெள்ளிக்கா இவ்வளவு தேடினாங்க?"

சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு வெள்ளி என்றால் டாலர்தானே. ஒரு வெள்ளிக்கு இப்போது கோப்பிக் கடையில் ஒரு கோப்பிகூடக் கிடைக்காது. அத்தையே சிரித்துவிட்டார். அப்புறம் விளக்கினேன். கிரேக்கத்தில் அது திராக்மா, கூலிக்காரர் ஒருவரின் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. கப்பர்நகூமில் தோண்டியெடுத்த வீடுகளில் தரை கருங்கல் பாவியது. கற்களுக்கு நடுவே காசு விழுந்தால் விளக்கு இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அப்பாவோட ஒரு நாள் சம்பளம். அப்படின்னா தேடத்தான் வேணும்" என்றான்.

கம்மல் தொலையாமல் இருந்திருந்தால் அந்த உவமை அவனுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்காது. வீட்டில் பாடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

8 ஜனவரி, காலை

திகட்டல் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. அதில் உங்கள் பயம் நியாயமானது. மகள் உயர்நிலை 2. போன வருடம் ஒருநாள், "அம்மா, நீங்க எது பேசினாலும் கடைசியில ஒரு 'ஆகவே' வருது. அது வரும்னு தெரிஞ்சதும் எனக்குக் காது அடைச்சுப்போகுது" என்று சொன்னாள். எனக்கு வலித்தது. ஆனால் உண்மை. கணிதத்தில் மதிப்பெண் குறைந்து அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் தாலந்து உவமை (கொடுத்த பணத்தைப் பெருக்காத வேலைக்காரனைக் கண்டிக்கும் கதை) சொன்னவள் நான். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு தட்டுச் சோறும் பக்கத்தில் உட்கார ஆளும்.

அதனால் கதையைச் சொல்லலாம், "ஆகவே"யை விட்டுவிடலாம் என்று இப்போது பழகிக்கொண்டு வருகிறேன்.

14 ஜனவரி, ஞாயிறு

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் இட்லிக்கு அரைப்போம். ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்புமுன் அவித்துவிட்டால் மதியம் வரை கவலை இல்லை. வீட்டு வேலைக்கு உதவியாக இருக்கும் தங்கை மியன்மாரின் சின் மலைப்பகுதியைச் சேர்ந்தவள், எங்களோடு நான்கு ஆண்டாக இருக்கிறாள். உப்புப் போட்டுக் கையால் கலக்குவது அவள்தான். என் கையைவிட அவள் கைக்கு மாவு நன்றாகப் பொங்குகிறது. இந்த ஊர்ச் சூட்டில் விடியுமுன் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிவிடும்.

மகன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருமே ஒண்ணும் செய்யல, எப்படி இவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான். மத்தேயு 13இல் இருப்பது இதேதான். ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்றுபடி மாவில் அடக்கிவைத்தாள் என்று இருக்கிறது. அடக்கிவைத்தாள் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒளித்துவைப்பதுபோல் வைத்துவிட்டு அவள் போய்விடுகிறாள், மற்றது தன்னால் நடக்கிறது.

மூன்றுபடி என்றால் நாம் ஏதோ வீட்டுக்கு வேண்டிய அளவு என்று நினைத்துவிடுகிறோம். மூலத்தில் உள்ள அளவை ஒன்று ஏறக்குறைய 13 லிட்டர். மூன்று சேர்ந்தால் 40 லிட்டருக்குப் பக்கம். நூறு பேருக்கு மேல் சாப்பிடலாம். ஆதியாகமம் 18இல் மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளிடம் பிசையச் சொன்னதும் இதே மூன்றுபடிதான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஆக்குகிற அளவு!

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஆமா, இயேசப்பாவும் இதைப் பார்த்திருக்கார்" என்றேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது இட்லிக்குக் கையை நீட்டினான்.

15 ஜனவரி

பெரியவர் ஒருவர் திருத்தியிருக்கிறார். புளித்த மாவு வேதத்தில் பெரும்பாலும் கெட்டதற்கு அடையாளம்: பஸ்காவுக்குப் புளிப்பில்லாத அப்பம், பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கை, கொஞ்சம் புளித்த மா பிசைந்த மா முழுவதையும் புளிக்கப்பண்ணும் என்று பவுல். இதை விட்டுவிட்டு இட்லியை மட்டும் சொன்னால் பாதிப் பாடம் என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு திருத்தம் நானே சொல்லிவிடுகிறேன். இட்லிக்கு நாம் பழைய மாவு சேர்ப்பதில்லை, அது தானாகப் புளிக்கிறது. அந்தக் காலத்து அப்பத்துக்கு முந்தின நாள் மாவில் ஒரு பிடி எடுத்துவைத்து அதைச் சேர்த்தார்கள். நேற்று இருந்தது இன்றைக்குள் போகிறது.

நல்லதோ கெட்டதோ, சத்தமில்லாமல் பரவும் என்பதுதான் இரண்டு இடத்திலும் பொது. பெரியவர் எழுதியதை வாசித்த பிறகு எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது. ஏன் என்று இப்போது எழுத வரவில்லை.

28 ஜனவரி

பொங்கோல் சகோதரர் திரும்ப வந்து வேறொரு கஷ்டத்தைச் சொல்கிறார்: பிள்ளைகளுக்கு வேதத் தமிழே புரியவில்லை, பிறகு எங்கே பாடம்?

எங்களுக்கும் அதே கதைதான். நாங்கள் புராட்டஸ்டண்டுகள்; வாசிப்பது 1871இல் பவர் ஐயர் குழு முடித்த தமிழ் வேத மொழிபெயர்ப்பின் வழி வந்தது. விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள் என்று மகள் சத்தமாக வாசித்தாள். மகன், "ஏன், அந்த வீட்டுல யாருக்காவது கால் இல்லையா?" என்றான். மரத்தால் செய்த கால் என்று நினைத்துவிட்டான். நெல் அளக்கிற பாத்திரம் என்று அத்தை உடனே சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. மரக்கால் நினைவிருக்கிறது, எட்டுப்படி என்றும் சொன்னார்.

கத்தோலிக்க மொழிபெயர்ப்பு உங்களுக்குக் கொஞ்சம் சுலபம். நீங்கள் விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்கிறீர்கள், நாங்கள் பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்கிறோம். ஆனால் ஒன்று. மத்தேயு 6இல் எங்கள் பழைய தமிழில் குற்றம் என்று இல்லை, கடன் என்று இருக்கிறது. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். கடன் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நண்பனுக்கு இரண்டு வெள்ளி கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க முடியாமல் முழித்தவன் என் மகன்.

கஷ்டமான சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். அது நின்று பேச வைக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

லெந்து (தவக்காலம்) ஆரம்பம். இந்த 40 நாளும் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசிப்பது என்று வைத்திருக்கிறோம். இன்று முழு அதிகாரத்தையும் மகள் ஒருமுறை வாசித்தாள். யாத்திராகமம் 20. ஓய்வுநாள் கட்டளையில், நீயானாலும் உன் குமாரனானாலும் உன் குமாரத்தியானாலும் உன் வேலைக்காரனானாலும் உன் வேலைக்காரியானாலும் என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் தொடர்ந்து வாசித்தாள்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

3 மார்ச், ஞாயிறு, இரவு

முதல் நாள் எழுதிய கம்மல் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். இன்று அதை எழுதாமல் இந்த இழையில் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்று ஞாயிறு பள்ளியில் அதே வெள்ளிக்காசு உவமையை நடத்தியிருக்கிறார்கள். பேருந்தில் திரும்பும்போது மகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அம்மா, அந்தக் கதையில அவங்க யாரோட பையைத் தேடினாங்க?"

கம்மல் தொலைந்த இரண்டாம் நாள், வீட்டில் உதவிக்கு இருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன். எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை. "எல்லா இடமும் பார்த்துவிட்டோம், உன் பையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்டதாக அப்போது எனக்கு நினைப்பு. அவள் ஒன்றும் பேசாமல் தன் துணிப்பையைக் கொண்டுவந்து கட்டில்மேல் கொட்டினாள். மடித்த உடுப்புகள், அவள் மொழியில் ஒரு வேதப்புத்தகம், அம்மாவின் படம், இருமல் மிட்டாய், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள். நான் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். வேதப்புத்தகத்தையும் எடுத்து உதறினேன். மகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் கம்மல் கிடைத்தது. "கிடைச்சிருச்சு" என்று அவளிடம் சொல்லி 20 வெள்ளி கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவே லூக்கா 15ஐ வாசித்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னேன். கப்பர்நகூம் கருங்கல் தரை வரை சொன்னேன்.

அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தினாள், தன் வீட்டைப் பெருக்கினாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. இத்தனை ஆண்டு வாசித்தும் இது என் கண்ணில் பட்டதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பட்டது, ஏனென்றால் அவன் வாசலில் நின்று பார்த்தான். பெரியவர் ஜனவரியில் எழுதிய புளித்த மாவு என்னை உறுத்தியதும் இதனால்தான்.

பேருந்தில் அவனுக்கு, "யாருடைய பையையும் தேடல" என்று மட்டும் பதில் சொன்னேன்.

மாலை அவள் வந்ததும் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து அவர்கள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னைத் திருடி என்று நினைத்தேன், அது பாவம் என்று அந்தச் சொல்லையே சொன்னேன். அவள் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய் அந்த 20 வெள்ளித் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மடிப்புக் கலையவில்லை. "செலவு செய்ய முடியல அக்கா. திருப்பிக் கொடுத்தா கோபப்படுவீங்கன்னு பயம்" என்றாள். இரண்டரை மாதமாக அது அவள் வேதப்புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது.

வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

5 மார்ச்

ஆறுதலாக எழுதியவர்களின் அன்பு புரிகிறது. ஆனால் "எல்லா வீட்டிலும் நடப்பதுதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பதால் அது சிறியதாகிவிடாது.

10 மார்ச், ஞாயிறு

இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் பெற்றோர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா? அதுவும் வேலை செய்பவளிடம்?

என் கணவரும் அன்று இரவு இதையே கேட்டார். அவருக்கு விமான நிலையத்தில் மாறி மாறி வேலை நேரம், வீட்டில் இல்லாதபோது எல்லாம் நடந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: பையைக் கொட்டவைத்தது மகன் முன்னால், அதனால் மன்னிப்பும் அவன் முன்னால். மத்தேயு 6இல் கடன் என்று இருப்பதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நான் அவளுக்குக் கடன்பட்டிருந்தேன். 20 வெள்ளியை அதற்கு வட்டிபோலக் கொடுத்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று தினமும் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார். எங்கள் வீட்டில் அது புதிது.

மரியாதை பற்றி: மகள் இந்த வாரம் தானாகவே என்னிடம் வந்து, வகுப்பில் ஒரு தோழியைப் பற்றித் தான் பரப்பிய ஒரு பேச்சைச் சொல்லி அழுதாள். என்ன பேச்சு என்பது அவளுக்கும் எனக்கும். என்னிடம் அப்படி வந்து சொல்லி வெகுகாலம் ஆகிறது. நான் எந்த உவமையும் சொல்லவில்லை. சோறு போட்டேன்.

ஓய்வுநாள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு நாளாவது விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும், அந்த ஒரு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கக் கூடாது என்பது 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டம். நாங்கள் மாதம் இரண்டு ஞாயிறு விட்டோம். சட்டத்துக்கு மேலேயே செய்கிறோம் என்று எனக்குத் திருப்தி. கட்டளையில் மாதம் இரண்டு என்று இல்லையே. மற்ற ஞாயிறுகளில் நாங்கள் நால்வரும் ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டில் அத்தைக்குக் குளிக்க ஊற்றிக்கொண்டிருந்தாள். இனி எல்லா ஞாயிறும் அவளுக்கு விடுமுறை. அத்தையைக் காலையில் நானும் மாலையில் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். முதல் வாரம் இது எவ்வளவு பாரமான வேலை என்று அவருக்குப் புரிந்தது.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

சின்னக் குறிப்பு. நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி பள்ளிவாசல் கஞ்சி ஒரு பாத்திரம் கொடுத்தனுப்பினார். மாலை ஐந்து மணி, அவர் அதுவரை தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். "அவங்களுக்குப் பசிக்குமே, நமக்கு ஏன் முதல்ல கொடுக்கிறாங்க?" என்று மகன் கேட்டான். நீயே யோசி என்றேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று குருத்தோலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார். முறுக்கு வைத்துக் கொடுத்தோம்.

பொங்கோல் சகோதரருக்கு: உங்கள் மனைவியிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள், சண்டைக்காக அல்ல. பால் கொட்டியபோது சொன்ன வசனம் யாருக்கு? கொட்டிய பிள்ளைக்கா, கோபம் வந்த அம்மாவுக்கா? ஜனவரியில் நான் உங்கள் மனைவி பக்கம் என்று எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கம்தான். ஆனால் என் வீட்டில் கிடைத்த பாடங்களில் முக்கால்வாசி என் பெயருக்கு வந்தவை. அவற்றைப் பிள்ளைகள் பெயரில் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

31 மார்ச், உயிர்த்தெழுந்த ஞாயிறு, இரவு 9.30

அதிகாலை ஆராதனைக்கு மகனும் மகளும் அவர்களாகவே எழுந்தார்கள். தங்கை அவளுடைய சபைக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்கு வந்தாள். அங்கே கொடுத்த ஒட்டரிசிப் பலகாரத்தை வாழையிலையில் சுற்றி எங்களுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அத்தைக்குத் திடீரென்று பதற்றம். காதைத் தடவிக்கொண்டு, "கம்மலைக் காணோம், கம்மலைக் காணோம்" என்று அழ ஆரம்பித்தார். இரண்டு கம்மலும் காதில்தான் இருந்தன. நான் சொன்னேன், கணவர் சொன்னார், நம்பவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தச் சொல் அந்தத் தங்கை காதில் விழுகிறதே என்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் எழுந்து போய் அறையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். விளக்கைப் போட்டு, அத்தை முன்னால் மண்டியிட்டு, கண்ணாடியைக் காதருகே சாய்த்துப் பிடித்தாள். "இதோ பாட்டி, இங்க இருக்கு. இன்னொண்ணும் இருக்கு."

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்து, "கிடைச்சிருச்சா? அப்போ எல்லாரையும் கூப்பிடு. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடு" என்றார்.

மகன் உடனே எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு போனான்.